எஃகின் எடையும் மனிதர்களின் எண்ணிக்கையும்

(தில்லியில் தமிழ்த் தோழர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய கூட்டத்தில் ஒரு ஜப்பானியப் படக்கதையைப் பற்றிப் பேசுவது என்று முடிவானபோது சில தோழர்கள் தயங்கினார்கள். படக்கதை பிள்ளைகள் படிப்பதாயிற்றே, தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றிப் பேச வேண்டிய காலத்தில் இதற்கு ஒரு மாலையைக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஜப்பானில் 'மங்கா' எனப்படும் படக்கதை, ஆலைத் தொழிலாளியும் அலுவலக எழுத்தரும் கல்லூரி மாணவரும் ரயிலில் நின்றுகொண்டே படிக்கும் இலக்கியம். கம்யூனிஸ்ட் எழுத்தாளர் கொபயாஷி தக்கிஜியின் 'நண்டு பதனிடும் கப்பல்' 1929இல் வெளிவந்த நாவல். எண்பது ஆண்டுகள் கழித்து, 2008இல், நிரந்தர வேலையின்றி அல்லாடிய இளைஞர்கள் அதை லட்சக்கணக்கில் வாங்கிப் படித்தார்கள். அந்த நாவலுக்குப் படக்கதை வடிவமும் அதற்குள் வந்துவிட்டிருந்தது. ஆகவே வடிவத்தைப் பற்றிய தயக்கத்தை ஒதுக்கிவிட்டு விஷயத்துக்குள் போவோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் நூல் 'ஆர்க்கிமிடீசின் மாபெரும் போர்'. ஆசிரியர் மீட்டா நோரிஃபூசா. 2015 இறுதியில் ஒரு வார இதழில் தொடங்கி 2023 வரை வந்த நெடுந்தொடர், 38 தொகுதிகள். 2019இல் யமசாக்கி தக்காஷியின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. தொடர் நெடுந்தூரம் போகிறது. நாம் அதன் முதற்பகுதியையும், அதை அடிப்படையாகக் கொண்ட படத்தையும் மட்டும் பார்க்கலாம்.

கதை 1933இல் தொடங்குகிறது. ஜப்பானியக் கடற்படைக்குள் இரண்டு அணிகள் மோதுகின்றன. ஓர் அணி உலகிலேயே பெரிய போர்க்கப்பலைக் கட்ட வேண்டும் என்கிறது. இன்னொன்று, இனி வரப்போவது விமானங்களின் காலம், விமானந்தாங்கிக் கப்பலே போதும் என்கிறது. இரண்டாவது அணியில் இருப்பவர் யாமமோட்டோ இசொரோக்கு. இவர் வரலாற்று மனிதர். போர்க்கப்பல் அணி சமர்ப்பித்த மதிப்பீடு வியக்கத்தக்க அளவுக்குக் குறைவாக இருக்கிறது. அது பொய் என்று நிரூபிக்க ஒருவர் தேவை. தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட, ராணுவத்தை மனமார வெறுக்கிற, அமெரிக்காவுக்குப் படிக்கப் புறப்பட்டுக்கொண்டிருக்கிற காய் தடாஷி என்ற கணித மாணவனை யாமமோட்டோ பிடித்துவந்து, ஒரே நாளில் அதிகாரிப் பதவி கொடுத்துக் கணக்குப் பிரிவில் உட்கார வைக்கிறார். காய் கற்பனைப் பாத்திரம்.

ஆவணங்கள் எதுவும் அவனுக்குக் கிடைப்பதில்லை. எல்லாம் ராணுவ ரகசியம். அவனோ 'நாகாட்டோ' என்ற பழைய போர்க்கப்பலில் ஏறி, அளவு நாடாவையும் தன் காலடிகளையும் கொண்டு அதை அளக்கிறான். அளந்ததிலிருந்து வரைபடம் போடுகிறான். ஒசாகாவில் நொடித்துப்போன நிலையிலிருக்கும் ஒரு சிறிய கப்பல்கட்டுபவரிடம் பழைய கணக்குகளைக் கெஞ்சிப் பெறுகிறான். அவற்றிலிருந்து, ஒரு கப்பலுக்குச் செலவாகும் எஃகின் எடைக்கும் அதன் மொத்தச் செலவுக்கும் உள்ள உறவை ஒரு சூத்திரமாக்குகிறான். அதைக் கொண்டு, கூட்ட அறையின் கரும்பலகையில், தளபதிகளின் முன்னிலையில் பொய்யை உடைக்கிறான். பெருங்கப்பலை அடிமாட்டு விலைக்குக் கட்டித்தர முன்வந்த கப்பல் முதலாளி, அந்த நட்டத்தை வேறு கப்பல்களின் ஒப்பந்தங்களில் விலையைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்கிறார் என்பது அம்பலமாகிறது.

தோழர்களே, இந்த நூலின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. போரைப் பற்றிய கதைகளில் நாம் பொதுவாகப் பார்ப்பது கொடியும் கண்ணீரும். இதில் பார்ப்பது ஒப்பந்தப்புள்ளி, மதிப்பீடு, துணை ஒப்பந்தம், லாப விகிதம். ராணுவவாதம் பேரேட்டில் வாழ்கிறது என்பதை ஒரு வெகுஜன வார இதழின் வாசகருக்குப் புரியவைத்துவிடுகிறார் மீட்டா. அவருக்கு இந்தக் கதை தோன்றக் காரணமானது அன்றைய நடப்பு ஒன்று. 2020 ஒலிம்பிக்குக்காகத் தோக்கியோவில் கட்டத் திட்டமிட்ட தேசிய விளையாட்டரங்கின் செலவு 130 பில்லியன் யென்னிலிருந்து 252 பில்லியன் யென்னாக வீங்கியது. மக்களின் கோபத்துக்கு அஞ்சி 2015 ஜூலையில் அபே அரசு அந்த வடிவமைப்பைக் கைவிட்டது. ஒரு விளையாட்டரங்கின் மதிப்பீட்டிலேயே இவ்வளவு பொய் என்றால் போர்க்கப்பலில் எவ்வளவு இருந்திருக்கும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த கதை இது.

வரலாறு இந்த இடத்தில் கதையை விஞ்சி நிற்கிறது. அந்தக் கப்பல்தான் 'யமாட்டோ'. 1937 நவம்பரில் கூரே கடற்படைத் தளத்தில் கட்டத் தொடங்கி, 1941 டிசம்பரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் எடையும் செலவும் வெளிநாடுகளுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டது போலவே ஜப்பானிய நாடாளுமன்றத்துக்கும் மறைக்கப்பட்டது. கட்டும் எண்ணமே இல்லாத நாசகாரிக் கப்பல்களைத் திட்டத்தில் எழுதி, அவற்றின் பேரில் ஒதுக்கிய பணத்தை இதற்குத் திருப்பினார்கள். 46 செண்டிமீட்டர் வாயளவு கொண்ட பீரங்கிக்கு ஆவணங்களில் '40 செண்டிமீட்டர் பீரங்கி' என்று பெயர் வைத்தார்கள். இல்லாத கப்பல்களும் சுருங்கிய பீரங்கிகளும் நிரம்பிய ஒரு வரவுசெலவுத் திட்டத்துக்கு நாடாளுமன்றம் கைதூக்கியது. மீட்டாவின் கதையில் மோசடி ஓர் அணியின் தந்திரம். வரலாற்றில் அது அரசின் வழக்கமான நடைமுறை.

இங்கிருந்துதான் யதார்த்தவாதம் பற்றிய கேள்வி எழுகிறது. சீருடையின் பொத்தான், கப்பலின் கொடிமரம், கூட்ட அறையின் மேசை எல்லாம் துல்லியமாக இருந்தால் அது வரலாற்று யதார்த்தம் ஆகிவிடுமா? 1888இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் கேட்டது விவரங்களின் உண்மையை மட்டும் அல்ல. வகைமாதிரியான மனிதர்கள் வகைமாதிரியான சூழ்நிலைகளில் இயங்குவதைக் கேட்டார். லூக்காச் தமது 'வரலாற்று நாவல்' நூலில் இதை மேலும் விரித்தார். ஸ்காட்டின் நாயகர்கள் மாமனிதர்கள் அல்லர். இரு முகாம்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட சராசரி மனிதர்கள். அதனால்தான் அவர்கள் வழியாகச் சமூகத்தின் இரு பக்கமும் நமக்குத் தெரிகிறது என்றார். காய் தடாஷி மேதை என்பதால் இந்த இலக்கணத்துக்கு எதிரானவன் என்று சட்டென்று தள்ளிவிடத் தோன்றும். நான் அப்படிக் கருதவில்லை. அவன் ராணுவத்தினன் அல்ல, ஆனால் சீருடை அணிகிறான். முதலாளி வீட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனவன், அந்த வீட்டாலேயே துரத்தப்பட்டவன். இரு முகாம்களுக்கும் நடுவே நடமாட வசதியான பாத்திரம். மேதைமையைக் காட்டிலும் அவனுடைய பூர்வகதைதான் எனக்கு இடறுகிறது.

அவன் ஏன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டான்? கப்பல் முதலாளியின் மகளோடு காதல் என்ற சந்தேகம். முதலாளி செல்வாக்கைப் பயன்படுத்தினார், மாணவன் வெளியே போனான். தனிப்பட்ட ஒருவருக்கு இது நடந்திருக்கக்கூடும். ஆனால் 1933ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு மாணவனோ பேராசிரியரோ வெளியேற்றப்படுவதற்கு வகைமாதிரியான காரணம் எது? அந்த ஆண்டு பிப்ரவரி 20 அன்று, கொபயாஷி தக்கிஜி தோக்கியோவின் சுகிஜி காவல் நிலையத்தில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். வயது 29. அதே மாதம் தொடங்கி நாகானோ மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி ஆசிரியர்கள் 'சிவப்பு' என்ற குற்றச்சாட்டில் கைதானார்கள். மார்ச் மாதத்தில் ஜப்பான் சர்வதேச சங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. வசந்தத்தில் கியோத்தோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் தக்கிகாவா, கல்வி அமைச்சரின் உத்தரவால் நீக்கப்பட்டார். சட்டத் துறை ஆசிரியர்கள் பெருமளவில் பதவி விலகினார்கள். இந்தக் கைதுகளுக்கு அடிப்படையாக இருந்தது 1925ஆம் ஆண்டின் அமைதிப் பாதுகாப்புச் சட்டம். பெயரில் அமைதி இருந்தால் சட்டத்தில் என்ன இருக்கும் என்பது நமக்குப் புதிதல்ல. இத்தனையும் நடந்த ஆண்டில் கதையைத் தொடங்கிவிட்டு, கதாநாயகனின் வெளியேற்றத்தைக் காதல் விவகாரமாக்குவது ஆசிரியரின் தேர்வு. ராணுவத்தை வெறுத்த இளைஞர்கள் 1933இல் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் சிறையில். அந்தச் சிறைகளைத் தாண்டி நடந்துவந்துதான் காய் தடாஷி கூட்ட அறைக்குள் நுழைகிறான். வழியில் அவற்றைப் பார்க்கவே இல்லை.

இனி கணிதத்துக்கு வருவோம். நூலின் நம்பிக்கை எளியது: எண்கள் பொய் சொல்லமாட்டா, போர்வெறியும் இனப்பெருமையும் அறியாமையின் விளைவுகள், சரியான கணக்கை எழுதிக் காட்டினால் அவை உதிர்ந்துவிடும். இந்த நம்பிக்கை நம்மில் பலருக்கும் உண்டு. ஒரு போர் விமானத்தின் விலையில் எத்தனை பள்ளிக்கூடங்கள் என்று நாமே துண்டறிக்கையில் எழுதுகிறோம், எழுதவும் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கின் வடிவத்துக்கு மட்டும் முற்போக்குத் தன்மை எதுவும் கிடையாது. அதற்கு ஒரு சான்று சொல்கிறேன்.

1935இல் ஜெர்மனியில் அடால்ஃப் டோர்னர் தொகுத்து, தேசிய அரசியல் கல்விக்குக் கணிதத்தைப் பயன்படுத்தும் கையேடு ஒன்று வெளிவந்தது. அதில் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகத்தைக் கட்ட 60 லட்சம் மார்க் செலவாகிறது. குடியிருப்பு வீடு ஒன்றுக்கு 15,000 மார்க் என்றால், அந்தப் பணத்தில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்? விடை 400. வகுத்தல் சரி. விடை சரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை சரியான விடையை எழுதும்போதே, மனநோயாளி ஒருவர் 400 குடும்பங்களின் வீட்டைப் பறித்தவர் என்று கற்றுக்கொள்கிறது. நான்கு ஆண்டுகளில் கொலை தொடங்கியது. 1941 ஆகஸ்டு வரை எரிவாயு அறைகளில் கொல்லப்பட்ட நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் 70,273 பேர் என்று நாஜிகளின் உள் கணக்கே சொல்கிறது. ஹார்ட்ஹைம் மாளிகையில் போருக்குப் பின் கண்டெடுத்த அந்த ஏட்டில், இவர்கள் பத்தாண்டுகள் உயிரோடிருந்தால் ஆகியிருக்கும் செலவும் கணக்கிடப்பட்டிருந்தது. உருளைக்கிழங்கு, ரொட்டி, வெண்ணெய் எல்லாம் தனித்தனியாக. மொத்தம் 88 கோடி மார்க்குக்கும் மேல் மிச்சம். கூட்டலில் பிழை இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

கணித அறிஞர்களும் இந்த வெறிக்கு வெளியே நிற்கவில்லை. 1933 நவம்பரில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் லண்டாவ் என்ற யூதப் பேராசிரியரின் வகுப்பை மாணவர்கள் புறக்கணித்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஓஸ்வால்ட் டைஷ்முல்லர். இன்றும் கணித உலகம் மதிக்கும் மேதை. பெர்லின் பேராசிரியர் லுட்விக் பீபர்பாக், ஜெர்மானிய மனத்துக்கு ஒரு கணிதம், யூத மனத்துக்கு ஒரு கணிதம் என்று பேசினார். 1936இல் 'ஜெர்மானியக் கணிதம்' என்று பெயரிட்டு ஓர் ஆய்விதழே தொடங்கினார். எம்மி நோதர், யூதர் என்பதாலும் இடதுசாரிச் சார்பினாலும் வேலையிழந்து நாட்டை விட்டுப் போனார். காய் தடாஷி கதையில் கரும்பலகைக்கு முன் நிற்கிற அதே ஆண்டில் இவை தொடங்கிவிட்டன. எண்ணில் தேர்ந்த மனம் இனவெறியிலிருந்து தானாக விடுபடும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

ஜப்பானிலேயே இதை முன்கூட்டி உணர்ந்த ஒரு கணிதவியலாளர் இருந்தார். ஒகுரா கின்னொசுகே. 1885இல் பிறந்தவர். நம் தோழர்களில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவாக இருக்கலாம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1929இல் அவர் வர்க்க சமுதாயத்தின் எண்கணிதம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவின் எண்கணிதப் பாடநூல்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் பயிற்சிக் கணக்குகளில் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். வாங்குபவர், விற்பவர், வட்டிக்கு விடுபவர், கூட்டு வணிகத்தில் லாபம் பிரிப்பவர். எந்த வர்க்கத்தின் அன்றாடத் தேவை எண்கணிதமாகத் திரண்டது என்பதை அந்தக் கணக்குகளிலிருந்தே எடுத்துக்காட்டினார். டோர்னரின் கையேட்டைப் படிக்க நமக்குத் தேவையான முறை இதுதான். விடையைச் சரிபார்ப்பதற்கு முன் கேள்வியில் யார் இருக்கிறார், யாரை அது விட்டுவிட்டது என்று பார்ப்பது.

1932இல் ஜப்பானில் பொருள்முதல்வாத ஆய்வுச் சங்கம் தொடங்கியபோது ஒகுரா அதில் இருந்தார். அதன் மையமாக விளங்கியவர் தத்துவவியலாளர் தொசாகா ஜுன். கணிதமும் இயற்பியலும் பயின்று தத்துவத்துக்கு வந்தவர். ஜப்பானிய ஆன்மா என்ற புனைவைத் தோலுரித்தவர். 1936 டிசம்பரில் ஒகுரா, பாசிசத்தின் முன் விஞ்ஞானிகள் கைகட்டி நிற்கலாகாது என்று ஒரு முன்னணி மாத இதழில் எழுதினார். 1938இல் சங்கம் கலைந்தது, தொசாகா கைதானார். 1941 ஏப்ரலில், அதே மாத இதழில், அதே ஒகுரா, தற்போதைய நெருக்கடியில் விஞ்ஞானியின் பொறுப்பு அரசின் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒத்துழைப்பதே என்ற பொருளில் எழுதினார். தொசாகா பணியவில்லை. 1945 ஆகஸ்டு 9, நாகசாகியில் குண்டு விழுந்த அதே நாளில், நாகானோ சிறையில் அவர் இறந்தார். வயது 44. ஆறு நாள்களில் போர் முடிந்தது.

ஒகுரா பிழைத்திருந்தார். 1946இல் ஜனநாயக விஞ்ஞானிகள் சங்கத்தின் தலைவராகத் தேர்வானார். 1953இல், தாம் விஞ்ஞானியாக இருப்பதற்கு வெட்கப்படுவதாகத் தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதி, தமது போர்க்கால எழுத்துக்குப் பகிரங்கமாகப் பொறுப்பேற்றார். அவரைத் துரோகி என்று ஒரு சொல்லில் முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. மன்னித்துவிட்டோம் என்று நகர்வதும் உடன்பாடில்லை. வர்க்கக் கண்ணோட்டம் கொண்ட, பாடநூல் கணக்கிலேயே சுரண்டலைக் கண்டுபிடித்த ஒருவர், ஐந்தே ஆண்டுகளில் எப்படி வளைந்தார்? இதுவே ஒரு நாவலுக்குப் போதும். லூக்காச் சொன்ன நடுவே அகப்பட்ட மனிதன் இவர்தான். மீட்டாவின் கைக்கு எட்டும் தொலைவில் இந்தப் பாத்திரம் இருந்தது. அவர் மேதையைத் தேர்ந்துகொண்டார்.

படத்தின் முடிவையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோற்றுப்போன கப்பல் வடிவமைப்பாளர் ஹிராயாமா, காயைத் தனியே அழைத்து ஒரு வாதத்தை வைக்கிறார். ஜப்பானியர்களுக்குத் தோற்கத் தெரியாது. கடைசி மனிதன் வரை போரிட்டு அழிவார்கள். ஆகவே நாட்டின் உருவமாக ஒரு மகத்தான கப்பலைக் கட்டி, அது மூழ்குவதை அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் போரை நிறுத்துவார்கள். காய் இதற்கு இணங்குகிறான். அரங்கில் பலர் கண்கலங்கக்கூடிய காட்சி. ஆனால் இந்தச் சூத்திரத்தை வரலாறு ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. யமாட்டோ 1945 ஏப்ரல் 7 அன்று ஏறத்தாழ 3,000 பேரோடு மூழ்கியது. போர் நிற்கவில்லை. ஓக்கினாவாவில் ஜூன் வரை சண்டை நீடித்து, பொதுமக்களே சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். பிறகு ஹிரோஷிமா, பிறகு நாகசாகி. போரை எப்போது நிறுத்துவது என்பது மக்களின் கையில் இருக்கவில்லை. பேரரசரைச் சுற்றி இருந்த ஒரு சிறு கூட்டம் முடியாட்சியைக் காப்பாற்றும் நிபந்தனைக்காக நாள்களைக் கடத்திக்கொண்டிருந்தது. 'ஜப்பானியர்களுக்குத் தோற்கத் தெரியாது' என்பதும் ஓர் இனத் தப்பெண்ணமே. தம் மக்களைப் பற்றித் தாமே வளர்த்துக்கொண்டது. ஆளும் வர்க்கத்தின் பிடிவாதத்தை இனத்தின் குணமாக மாற்றிக் காட்ட அது பயன்படுகிறது.

கப்பலுக்கு எஃகைச் சுமந்தவர்கள், வெட்டியவர்கள், ஒட்டியவர்கள் யார்? காயின் சூத்திரத்தில் எஃகின் எடை உண்டு. உழைப்பு செலவுத் தொகைக்குள் கரைந்துவிடுகிறது. யமாட்டோவின் இணைக் கப்பலான முசாஷி நாகசாகியில் மிட்சுபிஷி தளத்தில் உருவானது. போர் முற்றியபோது கொரியாவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் மிட்சுபிஷியின் ஆலைகளில் கட்டாய உழைப்பில் வாடினார்கள். 2018 நவம்பர் 29 அன்று தென்கொரிய உச்ச நீதிமன்றம், அந்த நிறுவனத்தின் ஹிரோஷிமா, நாகோயா ஆலைகளில் வேலை வாங்கப்பட்ட கொரியர்களுக்கு இழப்பீடு தர உத்தரவிட்டது. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் கூலிக் கணக்கு முடியவில்லை.

இந்தக் கணக்கில் நம் மக்களும் இருக்கிறார்கள். சயாம்-பர்மா மரண ரயில் பாதை, 415 கிலோமீட்டர், 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானிய ராணுவத்தால் போடப்பட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த எண்கள் ஓரளவு துல்லியமானவை. ஏனென்றால் கைதிகளே ரகசியமாகப் பட்டியல் வைத்தார்கள்; போருக்குப் பின் அரசுகள் கல்லறைகளைத் தேடின. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெயரும் படைப்பிரிவும் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. அதே பாதையில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், ஜாவாக்காரர்கள், பர்மியர்கள் உழைத்தார்கள். இவர்கள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். இறந்தவர்கள் 80,000 என்று ஒரு மதிப்பீடு, 90,000 என்று ஒன்று, ஒரு லட்சம் என்று ஒன்று. மதிப்பீடுகளுக்கிடையே உள்ள வித்தியாசமே, போர்க்கைதிகளின் மொத்தச் சாவை விட அதிகம். காலராவில் விழுந்தவர்களைக் குழியில் தள்ளியவர்களிடம் பெயரேடு இல்லை. தோட்ட முதலாளிகளின் பேரேடுகளில் இவர்கள் 'ஆள்' கணக்கு. ஜப்பானியத் தளபதிகளிடம் இவர்கள் 'கூலி' கணக்கு. போர் முடிந்து திரும்பிய பிரிட்டிஷ் ஆட்சியிடமும் இவர்களுக்குக் கல்லறைக் கணக்கு இல்லை. இனத் தப்பெண்ணம் வசைச்சொல்லில் மட்டும் வெளிப்படுவதில்லை. யாரைத் தனித்தனியாக எண்ணுகிறோம், யாரை உத்தேசமாகச் சொல்கிறோம் என்பதிலும் அது இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, ஜப்பானியப் படக்கதையில் நகசாவா கெய்ஜியின் 'வெறுங்கால் கென்' வேறொரு உயரத்தில் நிற்கிறது. நகசாவா ஹிரோஷிமாவில் ஆறு வயதில் குண்டுவீச்சுக்குத் தப்பியவர். 1973இல் சிறுவர் வார இதழ் ஒன்றில் தொடங்கிய தொடர், அங்கே நின்றுபோனது. பிறகு ஜப்பான் கம்யூனிஸ்ட் கட்சியின் பண்பாட்டு மாத இதழிலும், ஆசிரியர் சங்கத்தின் இதழிலும் தொடர்ந்து, 1987இல்தான் முடிந்தது. வெகுஜன இதழ் கைவிட்டதை இயக்க இதழ்கள் ஏந்திக்கொண்டன என்பதை நம் வார இதழின் சந்தாக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

அதில் கணித மேதை எவரும் இல்லை. குண்டு விழுவதற்கு முன்பே கதை தொடங்குகிறது. கென்னின் தந்தை போரை எதிர்த்துப் பேசுகிறார். உடனே அந்தக் குடும்பத்துக்கு 'ஹிகொகுமின்' என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. நம் இன்றைய வழக்கில் தேசவிரோதி. பள்ளியில் அக்காள் மீது திருட்டுப் பழி விழுகிறது. வயலில் விளைந்து நின்ற கோதுமை நாசமாகிறது. குடும்பத்தின் பெயரைக் காப்பாற்ற அண்ணன் கடற்படையில் சேர்கிறான். பக்கத்து வீட்டில் பாக் என்ற கொரியர். ஊர் ஒதுக்கிய குடும்பத்துக்கு உதவுகிற ஒரே அண்டை வீட்டுக்காரர் அவர்தான். குண்டு விழுந்த பிறகு, தீக்காயத்தோடு கிடக்கும் அவருடைய தந்தைக்குக் கொரியர் என்பதற்காகவே சிகிச்சை மறுக்கப்படுகிறது. நகரமே எரிந்து கிடக்கும்போதும் இனப் படிநிலை எரியாமல் நிற்கிறது. கோடுகள் முரட்டுத்தனமானவை, முகபாவங்கள் மிகையானவை. மீட்டாவின் பக்கங்களில் கப்பல்களின் ஒவ்வோர் ஆணியும் துல்லியம். ஆனாலும் எங்கெல்ஸ் கேட்ட உண்மை நகசாவாவிடம்தான் கூடுதலாக இருக்கிறது என்பது என் கருத்து.

அதனால்தான் அவரை ஆள்வோருக்குப் பிடிப்பதில்லை. 2012 டிசம்பரில், நகசாவா காலமான அதே மாதத்தில், மட்சுவே நகரக் கல்வி வாரியம் இந்நூலைப் பள்ளி நூலகங்களில் மாணவர்கள் எளிதில் எடுக்க முடியாதபடி வைக்கச் சொன்னது. மறு ஆண்டு ஆகஸ்டில் விஷயம் வெளியே தெரிந்து, நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பால் வாரியம் பின்வாங்கியது. 2023இல் ஹிரோஷிமா நகரமே தனது அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து கென்னை நீக்கியது.

இதற்கு நேர்மாறாக, காய் தடாஷியின் கதைக்கு எங்கும் தடை இல்லை. அது நல்ல கதை, படியுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அது வெளிவரத் தொடங்கிய 2015ஆம் ஆண்டையும் சேர்த்துப் படியுங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், வெளிநாட்டில் ஜப்பானியப் படைகள் கூட்டாளிகளுக்காகப் போரிட வழி திறந்த சட்டங்கள் நிறைவேறின. அதே ஆண்டு, பல்கலைக்கழக ஆய்வுகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகமே நிதி வழங்கும் திட்டம் தொடங்கியது. போருக்கான ஆராய்ச்சி செய்யமாட்டோம் என்று 1950லும் 1967லும் அறிவித்திருந்த ஜப்பான் அறிவியல் கழகம், 2017இல் அந்த நிலைப்பாட்டை மீண்டும் உறுதிசெய்தது. 2020இல் அக்கழகம் பரிந்துரைத்த அறிஞர்களில் ஆறு பேரை நியமிக்கப் பிரதமர் சுகா மறுத்தார். காரணம் சொல்லவில்லை. 2022 டிசம்பரில், ஐந்தாண்டுகளுக்கு 43 டிரில்லியன் யென் ராணுவச் செலவுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்த மதிப்பீட்டை அளவு நாடாவோடு சரிபார்க்க எந்தக் கணித மாணவனையும் யாரும் கூப்பிடவில்லை.

கேள்விகளுக்கு நேரம் வேண்டும் என்று தலைமை தாங்கும் தோழர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 'வெறுங்கால் கென்' முதல் தொகுதி நூலகத்தில் ஆங்கிலத்தில் இரண்டு பிரதிகளும் இந்தியில் ஒன்றும் உள்ளன. அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் அவை கைமாறிக்கொண்டே இருக்கட்டும், வீட்டில் வைத்துக்கொண்டுவிடாதீர்கள்.